நூற்று இருபத்திநாலாம் மாடி மீன்தொட்டி

“மேல நின்னு எடுத்த போட்டோ ஒண்ணுகூடவா இல்ல, அத்தான்?”

மச்சினன் சுடலைராஜ் இப்படிக் கேட்டதும் துரைப்பாண்டி வாயில் போட்ட பேரீச்சம்பழம் கொட்டையோடு உள்ளே போனது.

அவர் துபாயிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் பங்கு வைத்து முடிவதற்குள் இந்த விசாரணை. மகன் மகாராஜா ஆசையாகத்தான் உலகத்திலேயே உயரமான அந்தக் கோபுரத்துக்கு டிக்கெட் எடுத்து, வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். துரைப்பாண்டி லிஃப்ட் வரை போனது நிஜம். கதவு திறந்ததும் உயரத்துக்குப் பயந்து திரும்பியதும் நிஜம். கீழே இருந்த மாலில் பெரிய மீன்தொட்டியையும், வெளியே ஆடுகிற நீரூற்றையும் பார்த்துப் பொழுதைக் கழித்துவிட்டு, மகனிடம் மேலே போய்ப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார்.

வேறு யார் கேட்டாலும் ஒப்புக்கொண்டிருப்பார். சுடலைராஜிடம் எப்படி ஒப்புக்கொள்வது? அவன் ஒருதரம் தெருத் தண்ணீர்த்தொட்டியில் பாதி ஏறி, ஏணியைக் கட்டிப்பிடித்து அழுதபோது, தீயணைப்பு வீரர்கள் வந்துதான் இறக்கினார்கள். பதினைந்து வருஷமாக ஒரு கல்யாண வீடு விடாமல் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர் துரைப்பாண்டிதான். இப்போது குட்டு உடைந்தால் அவன் சும்மா விடுவானா?

“கோயில்ல மாதிரி போனைக் கீழயே வாங்கி வச்சுக்கிடுதாம்லே” என்றார்.

சுடலைராஜ் குடும்பக் குரூப்பைத் திறந்தான். மகாராஜா போட்ட டிக்கெட்டில் ஐந்து மணி என்றிருந்தது. ஐந்தரைக்குத் துரைப்பாண்டி அனுப்பிய சுறா மீன் படமும் அங்கேயே இருந்தது. கை சும்மா இருந்தால்தானே.

“அப்ப இத எங்கன வச்சு எடுத்தீய?”

“மேலதான். போனைப் பெறவு குடுத்துட்டான்.”

“மேல மீன்தொட்டியா?”

“நூத்தி இருபத்திநாலாம் மாடில. சுறா, திருக்கை எல்லாம் கெடக்கு.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அடுத்த படத்தில் நீரூற்றுச் சாரலில் சட்டை நனைந்து நின்றார். தண்ணீர் அவ்வளவு உயரம் அடிக்கிறது என்று அதையும் மேலே ஏற்றினார். டீ கொண்டுவந்த மனைவி சண்முகசுந்தரி அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள்.

சுடலைராஜ் லேசுப்பட்டவன் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அத்தர்க் கடை வைத்திருக்கும் கடையநல்லூர் சலாவுதீனைப் போன் போட்டு வரவழைத்துவிட்டான். பாய் பதிமூன்று வருஷம் துபாயில், அதுவும் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். துரைப்பாண்டிக்குப் பனியன் தொப்பலாகிவிட்டது.

சலாவுதீன் வந்து உட்கார்ந்தார். கேள்வியைக் கேட்டதும் துரைப்பாண்டி பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி சொல்லுதது சரிதான். மேல மீன்தொட்டி இருக்கு.”

நீரூற்றுச் சாரலும் மேலே வருமாம். அவரே இரண்டு தரம் நனைந்திருக்கிறாராம்.

துரைப்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் டீ ஆறும்வரைகூட நிற்கவில்லை.

“அப்ப நானும் பாக்கணும்” என்றான் சுடலைராஜ். “அந்தத் தண்ணித்தொட்டிக் கதைய இத்தோட முடிச்சிருவோம். அடுத்த மாசம் நீங்கதான் என் கையப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போறீய, அத்தான்.”

அங்கேயே மகாராஜாவைப் போனில் கூப்பிட்டு இரண்டு டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டான்.

துரைப்பாண்டியின் ஆத்திரமெல்லாம் சலாவுதீன் மேல் திரும்பியது. இந்த மனுஷன் உள்ளதைச் சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு ஒரு நாள் மானக்கேட்டோடு போயிருக்குமே. இப்போது லிஃப்டில் அல்லவா ஏற வேண்டும். வழியனுப்புகிற சாக்கில் தெருமுனை வரை கூடப் போய், ஏன் பாய் இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் சலாவுதீனே அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“அண்ணாச்சி, உயரம்னா எனக்கு ஆகாது, பதிமூணு வருஷமும் கீழயேதான் நின்னேன், நேர்ல பாத்த நீங்க சொல்லவும் ஆமான்னுட்டேன். ஆனா மேல ஏறிட்டேன், வெறும் கண்ணாடிதான்னு எங்க வீட்டுக்காரி ஜஸீமாட்ட அளந்து வச்சிருக்கேன், இப்ப இந்த மீன்தொட்டிக்கு அவகிட்ட என்னத்தச் சொல்ல?”