குதிரைக்கு வாத்தியார் பார்த்த படலம்

என் தங்கை வயிற்றில் பிறந்து, என் அறிவில் பாதியையாவது வாங்கிக்கொண்ட மருமகளுக்கு, மாமா மனமார வாழ்த்தி எழுதுவது. நான் சுகம். உன் குதிரை கறுப்பியும் சுகம். என் இடுப்பு மட்டும் அடுத்த வாரம் சுகமாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும், விடு.

நீ ஊரில் இல்லாத நேரத்தில் உன் சவாரிப் பள்ளிக்கு ஒரு வாத்தியாரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னாய். திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் பிள்ளைகளெல்லாம் வேறு பள்ளிக்குப் போய்விடும் என்று புலம்பியிருந்தாய். ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றும் உதவாக்கரை.

முதல் ஆளுக்கு உடம்போடு சேர்த்துத் தைத்த மாதிரி ஒரு கால்சட்டை, முகம் பார்க்கலாம் போல பூட்ஸ். அவன் சேணம் தபால் உறை கனம்தான் இருக்கும். கறுப்பி ஓட ஓட இவன் எழுந்திருக்கிறான், உட்காருகிறான், மறுபடி எழுந்திருக்கிறான். "ஏம்ப்பா, சீட்ல ஆணி ஏதாச்சும் இருக்கா?" என்றேன். "இல்ல சார், அதோட தாளத்துக்கு நாம எழுந்து குடுத்தா அதோட முதுகுக்கு நல்லது" என்றான். குதிரைக்கு மரியாதை கொடுத்து எழுந்து நிற்கிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்தவன் தொப்பிக்காரன். அவன் கொண்டுவந்தது சேணமா, முன்னால் கொம்பு வைத்த சோபா! கடிவாளம் ஒரு கையில் தொளதொளவென்று தொங்குகிறது, இன்னொரு கை தொடையில். விருந்து சாப்பிட்டுச் சாய்ந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தான். "கழுத்துல வார் லேசா பட்டா போதும் சார், அதுவே திரும்பிக்கும்" என்றான். திரும்பத்தான் செய்தது, நேராக லாயத்துக்கு. வாசல் உயரத்தை அவன் கவனிக்கவில்லை. குதிரை உள்ளே போயிற்று, அவனும் தொப்பியும் வெளியே கிடந்தார்கள்.

மூன்றாவது ஒரு அம்மா. சேணம் கிடையாது, பூட்ஸ் கிடையாது, காலில் ரப்பர் செருப்பு. வேலிக்குள் போய்க் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நின்றார்.

"என்னம்மா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?"

"பழகிக்கிறோம் சார்."

"ஏறவே இல்லையே?"

"அது இன்னும் கூப்பிடலையே."

கூப்பிடுமாம்! கறுப்பி மெதுவாக வந்து அவர் தோளில் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. அப்புறம் அவர் போன பக்கமெல்லாம் பின்னாலேயே போனது. ஆட்டுக்குட்டிகூடத்தான் பின்னால் வரும், அதற்குச் சம்பளமா? சவாரி என்றால் என்னவென்று காட்ட நானே ஏறினேன். வாலிபத்தில் நாற்பது குதிரைகளை அடக்கியவன் நான். முன்பு முப்பது என்று சொல்லியிருந்தால் அது தன்னடக்கம். என் முறைக்குச் சேணம் வேண்டாம், வார் வேண்டாம், பார்வையே போதும். கறுப்பி காற்றாய்ப் பறந்தது. வேலியோரம் தண்ணீர்த் தொட்டி வந்ததும், வெயிலாக இருக்கிறதே என்று நான் அதில் இறங்கிக்கொண்டேன். தலைதான் முதலில் இறங்கியது என்று லாயக்காரர் சொல்வார், அவருக்குப் பார்வை மங்கல். அந்த அம்மாதான் கைகொடுத்துத் தூக்கினார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆகவே மூவரும் வேண்டாம். திங்கள் முதல் நானே வாத்தியார்.

உன் அம்மாவுக்கு என் அன்பு. உன் அப்பாவுக்கு ஒரு விசாரிப்பு, அவருக்கு அதுவே அதிகம். நீ நூறு குதிரைக்குச் சொந்தக்காரியாகி அமோகமாக வாழ்க.

இப்படிக்கு,
குதிரை சாஸ்திரம் கரைத்துக் குடித்த உன் தாய்மாமன்

பின்குறிப்பு: இதை எழுதி வைத்து இரண்டு நாள் ஆகிறது. ஒரு சின்ன மாற்றம். கறுப்பி அன்றிலிருந்து தீவனத்தைத் தொடவில்லை. கேட்டருகே நின்று அந்த அம்மா போன தெருவையே பார்க்கிறது. நான் கிட்டே போனால் பின்னங்காலைத் தூக்குகிறது. வேறு வழியில்லாமல் நேற்று அவர் வீடு தேடிப் போய், "தெரியாம பேசிட்டேம்மா, நீங்கதான் வரணும்" என்றேன். (உன் அப்பா காதுக்கு இது போகக் கூடாது.) திங்கட்கிழமை வருகிறார். ஒரே ஒரு நிபந்தனை: "நீங்க வேலிக்கு வெளியவே இருக்கணும் சார்." யோசித்தால் அதுவும் நியாயம்தான். மேற்பார்வை என்பதே வெளியிலிருந்து பார்ப்பதுதானே? வேலியோரம் ஒரு நாற்காலி போடச் சொல்.