ஜீப் நெற்றியில் பெரியநாயகி

செலண்டார்,
1952, ஆவணி பிறந்த ஞாயிற்றுக்கிழமை

அலோர் காஜா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்து, வருவோர் போவோர் வாயையெல்லாம் நனைத்து வாழ்கின்ற மரியாதைக்குரிய மச்சான் ரங்கசாமி அவர்கள் சமூகத்துக்கு, செலண்டார் தோட்டத்து மாஜி லோரி டிரைவர் சுப்பன் கரம் கூப்பிச் சொல்ல, தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கணேசமூர்த்தி கைப்பட எழுதும் கடிதம். இவ்விடம் நானும் நாயும் முனியாண்டி புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தாங்களும், தங்கள் சம்சாரமும், ஆடி மாதத்தில் பெட்டியோடு வந்து இறங்கிய தங்கள் தங்கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நிற்க. காரியத்துக்கு வருகிறேன். ஆடி முடிஞ்சி ஆவணி பொறந்தாச்சு மச்சான். புதுப்பொண்ணுதான் ஆடிக்குப் பொறந்த வீட்டுக்குப் போவும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழிச்சி ஆடிக்குப் போனவ இந்த மலாயாவுலயே உங்க தங்கச்சி ஒருத்திதான். பெரியநாயகிய இந்த வாரத்துக்குள்ள அனுப்பி வைக்கணும். அதக் கேக்கத்தான் இந்தக் கடுதாசி. அவ பக்கத்துக் கதைய அவ சொல்லியிருப்பா. எனக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனா கண்ணால பாத்த ஒண்ணும் மறக்காது. அதனால என் பக்கத்துக் கதைய ஆதியிலேருந்து சொல்றேன்.

அந்த ஜீப்ப நான் இன்னைக்கு நேத்துப் பாக்கல. ஜப்பான்காரன் தோத்துப் போயி வெள்ளைக்காரன் திரும்பி வந்த வருஷம், புரட்டாசி ரெண்டாவது சனிக்கெழமை, மத்தியானம் மழை விட்ட நேரம். தோட்டத்துப் பாலத்துக்கிட்ட ஒரு பட்டாளத்து ஜீப்பு சகதியில மாட்டிக்கிச்சு. மூணு வெள்ளைக்காரச் சோல்ஜருங்க. ஒருத்தனுக்கு வெயில்ல மூக்குத் தோலு உரிஞ்சிருந்துச்சு. நாங்க எட்டுப் பேரு தள்ளுனோம். தள்ளுன வேகத்துல அது பாலத்துக் கல்லுல போயி முட்டி, முன் பம்பர்ல இடது முனை ஆட்டுக்கொம்பு மாதிரி மேல வளைஞ்சிருச்சு. மூக்கு உரிஞ்சவன் எனக்கு ஒரு பிஸ்கட் டின்னு தூக்கிப் போட்டான். மூணரை வருஷம் மரவள்ளிக் கெழங்கு தின்ன வாயி மச்சான் இது! பிஸ்கட்டு அன்னைக்கே தீந்துச்சு, டின்னு இன்னும் கட்டிலுக்குக் கீழ இருக்கு. அதுக்குத் தொணையா பட்டாளத்துத் தொப்பி ரெண்டு, தண்ணி பாட்டில் நாலு, தெசை காட்டுற பெட்டி ஒண்ணு, பெட்ரோல் டின்னு மூணு சேத்து வச்சிருக்கேன். கட்டிலுக்குக் கீழ தேளு வந்தாகூட ஒக்கார எடமில்லன்னு உங்க தங்கச்சி சொல்லுவா. அது மட்டும் நெசம்.

போன சித்திரையில மலாக்கா டவுனுக்கு வெளிய பட்டாளத்துப் பழைய சாமான ஏலம் விடுறாங்கன்னு கேள்விப்பட்டு, அஞ்சாவது தண்ணி பாட்டில் வாங்கத்தான் போனேன். சத்தியமா பாட்டிலுக்குத்தான். அங்க லாலாங் புல்லுக்குள்ள பதினோரு ஜீப்பு நிக்குது. எட்டாவது ஜீப்புக்குப் பம்பர்ல ஆட்டுக்கொம்பு! கிட்டப் போயி கொம்பத் தடவிப் பாத்தேன். அதேதான். கூட வந்த மண்டோரு, எங்க தோட்டத்துக் கங்காணி, "யோவ் சுப்பா, ஜீப்பெல்லாம் ஒரே அச்சுதான்லா, பட்டாளத்துக்காரன் ஓட்டுனா எல்லாம் எங்கயாவது முட்டித்தான் இருக்கும்"னான். அவனுக்கு என்ன தெரியும்? ரெண்டு மாட்ட வித்தது அதுக்குத்தான். மாட்டுக் கதைய அவ சொல்லியிருப்பா, நான் திருப்பிச் சொல்லல.

எஞ்சினுக்குள்ள எலி குடும்பம் நடத்திக்கிட்டிருந்துச்சு. அதக் கெளப்பி விட்டு, துருவச் சுரண்டி, ஒவ்வொரு சாமானாக் கழட்டி மண்ணெண்ணெயில குளிப்பாட்டி மாட்டுறதுக்கு மூணு மாசம் ஆச்சு. ஆனா என்னா வண்டி மச்சான்! முன் பக்கம் ஒம்பது வரிசைக் கண்ணு. நாலு சக்கரமும் இழுக்கும். கியர் கம்பு மட்டும் மூணு. அந்த லைட்டு இருக்கு பாருங்க, ஒரே ஒரு திருகத் தளத்தி மடக்குனா திரும்பி அதோட எஞ்சினையே பாக்கும்! இருட்டுல ரிப்பேர் பாக்குறவனுக்குன்னு எவனோ ஒரு புண்ணியவான் யோசிச்சி வச்சிருக்கான். ஸ்டீரிங்கு அமெரிக்கா வழக்கப்படி இடது பக்கம். ஆக, பக்கத்துல ஒக்கார்ற ஆளு நடுரோட்டுப் பக்கமா ஒக்காந்து வரலாம், எதிர்ல வர்றவன் எல்லாம் பாப்பான். இத உங்க தங்கச்சிகிட்ட எவ்வளவு ஆசையா எடுத்துச் சொன்னேன் தெரியுமா? "எதுக்கு, லோரிக்காரன் மொதல்ல என்னிய அடிக்கவா?"ன்னு கேட்டா.

வெனை ரேடியேட்டர்ல வந்துச்சு. ஏழு ஓட்டை. பத்த வைக்க ஈயம் வேணும். கடைக்காரன் நாளைக்கி வா, நாளைக்கி வாங்குறான். அடுப்படியில, உங்க அம்மா கும்பகோணத்துலேருந்து கப்பல்ல கொண்டாந்த ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஒக்காந்திருக்கு. வாத்தியாரே, இந்த எடத்தக் கொஞ்சம் பதமா எழுதுங்க. மச்சான், அது ஏற்கனவே ஒரு பக்கம் சப்பித்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், ஏழு ஓட்டையில ஒரு சொட்டு ஒழுகல! அந்தக் காலத்து ஈயம் அந்தக் காலத்து ஈயந்தான். சாயங்காலம் ரசம் வைக்கப் போனவ சொம்பத் தேடுனா. நான் ரேடியேட்டரக் காட்டுனேன். விரலால ஒவ்வொரு ஓட்டையாத் தொட்டு எண்ணுனா. அப்புறம், "ஒலகத்துக்கே ஈயம் தோண்டிக் குடுக்குற நாடுய்யா இது. ஒனக்கு எங்கம்மா சொம்புதான் கெடச்சிச்சா?"ன்னா. அதுக்கும் அவ போகல. அலுமினியச் சட்டியில ரசம் வச்சி, அத என் மேலெல்லாம் தெறிக்கிற மாதிரி எலையில ஊத்துனா, அவ்வளவுதான்.

அவ போனது பேருனால. பானெட்டு ஓரத்துல மங்கலா ஏழெட்டு வெள்ளை எழுத்து இருந்துச்சு. பட்டாளத்து நம்பர்னு நெனச்சேன். பழைய வண்டின்னா இருந்தது இருந்தபடியே இருக்கணும், இல்லாட்டி அதுல என்ன அழகு? செலண்டார்ல கடைக்குப் போர்டு எழுதுற ஆளக் கூட்டியாந்து, அந்த எழுத்து மேலயே புதுப் பெயிண்ட் போட்டு, கீழ ஒரு கோடும் இழுத்துப் பளிச்சுன்னு ஆக்குனேன். தெனமும் அதத் தொடச்சி வேற வச்சேன். அன்னைக்குன்னு பாத்து, இந்தக் கடுதாசி எழுதுற இதே வாத்தியாரு சைக்கிள்ல வந்து எறங்குனாரு. ஊருக்கே கேக்குற மாதிரி வாசிச்சாரு: "டோரத்தி."

"அது என்னங்க வாத்தியாரே, பட்டாளத்துப் பேரா?"ன்னு உங்க தங்கச்சி கேட்டா.

"இல்லம்மா, பொம்பளப் பேரு. வெள்ளைக்காரப் பொண்ணுங்களுக்கு வைப்பாங்க"ன்னாரு.

மனுஷன் இங்கிலீஷ் படிச்சதுக்கு அன்னைக்குத்தான் நேரம் பாத்தாரு. இதையும் எழுதுங்க வாத்தியாரே, எழுதுங்க. பெரியநாயகி என்னியப் பாத்து, "முப்பத்தெட்டு வருஷமாச்சு, எம்பேர ஒரு கிண்ணத்துலயாவது வெட்டிக் குடுத்திருக்கியா? எவ பேரையோ எழுதி வச்சி வேட்டியால தொடைக்கிற"ன்னா. அடுத்த பஸ்ஸுல உங்க வீடு. ஜீப்பு அங்க நிக்கிற வரைக்கும் வரமாட்டேன்னு அவ சொன்னதா கண்டக்டருகிட்ட நீங்களும் சொல்லி அனுப்பிட்டீங்க.

நான் சும்மா இருக்கல. டோரத்தியச் சொரண்டிட்டு, அதே எடத்துல தமிழ்ல பெரியநாயகின்னு கொட்டையா எழுத வச்சேன். வாத்தியார விட்டு மூணு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். அப்புறம் போன செவ்வாக்கெழமை ஜீப்புக்குப் பூசை. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ரேஷன் அரிசியில ஒரு செரட்டை எடுத்து மஞ்சளப் போட்டுப் பெசஞ்சி அட்சதை போட்டேன். சந்தோஷத்துல கொஞ்சம் தாராளமாவே போட்டேன். போட்ட கையோட நேரா அலோர் காஜாவுக்குக் கெளம்பிட்டேன், அவள அந்த நடுரோட்டுச் சீட்டுல ஒக்கார வச்சிக் கூட்டியாறதுக்கு.

ரெண்டு மைல்ல மாத்தா போலீசு சோதனை. காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி போவுதான்னு தோட்டத்து ஆளுங்க கட்டிப்போற சோத்தக்கூடப் பிரிச்சிப் பாக்குற காலம், உங்களுக்கே தெரியும். நான் பயப்படல, எங்கிட்டதான் ஒண்ணும் இல்லையே. மலாய்க்கார மாத்தா சீட்டுக்கு அடியில கைய விட்டான். கை நெறைய மஞ்ச அரிசி. "பெராஸ்!"னான். டூல்ஸ் பெட்டியத் தொறந்தான், பெராஸ். மடக்கி வச்ச கூரைய ஒதறுனான், பொலபொலன்னு பெராஸ். எங்கெல்லாம் போயி விழுந்திருக்கு பாருங்க!

"இது சாப்புடுற அரிசி இல்லைங்க, சாமிக்குப் போட்டது"ன்னு எனக்குத் தெரிஞ்ச மலாயில சொன்னேன்.

"ஒங்க சாமி எங்க இருக்கு?"

உள்ளதச் சொன்னேன் மச்சான். எங்க முனியாண்டி எங்க இருக்காரு? "காட்டு ஓரத்துல."

"கூட யாராச்சும் உண்டா?"

"ஏழு பேரு. எல்லாருகிட்டயும் கத்தி இருக்கு."

துப்பாக்கியத் தூக்கிட்டான். வெள்ளைக்காரச் சார்ஜனக் கூப்புட்டான். சார்ஜன் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷக் கொண்டாரச் சொல்லி, என் ஜீப்ப மூல முடுக்கெல்லாம் கூட்டி, அட்சதைய ஒரு சிகரெட் டின்னுல சேத்தான். பின்னால அலோர் காஜா பஸ்ஸு வந்து நின்னு, அத்தன சனமும் எறங்கி வேடிக்கை பாக்குது. எங்க லயத்துக் குஞ்சம்மா மொதல் வரிசையில நிக்கிறா. பஸ் கண்டக்டருதான் புண்ணியத்துக்கு வந்து சார்ஜனுக்கு இங்கிலீஷ்ல வெளக்குனாரு. சார்ஜன் பானெட்டுல இருந்த எழுத்தத் தொட்டு, இது யாருன்னான். எம் பொண்டாட்டின்னேன். அவ எங்கன்னான். கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா, கூட்டியாறத்தான் போறேன்னேன். கண்டக்டரு அத இங்கிலீஷ்ல ஒரு தரம், மலாயில ஒரு தரம் சொன்னாரு. பஸ்ஸே சிரிக்குது, மாத்தா சிரிக்கிறான், சார்ஜனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. கடைசியில டின்ன அவன் வச்சிக்கிட்டு, ஊரடங்குக்கு நேரமாச்சு, வீட்டப் பாத்துத் திரும்புன்னு அனுப்பிட்டான். பாதி வழியிலயே திரும்புனேன்.

அப்பதான் முடிவு பண்ணுனேன். ஜீப்பு இருந்தா அவ வரமாட்டா, ஜீப்புல போயும் அவளக் கூட்டியார முடியல. உங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளிக் கோழி யாவாரம் பண்ணுற அ சோங் தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தான். வியாழக்கெழமை வந்தான், குடுத்துட்டேன். நானே ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தேன், ஒரே இழுப்புல கெளம்புச்சு. தோட்டத்து கேட்டத் தாண்டி மூணாவது கியர் மாத்துன சத்தம் வரைக்கும் நின்னு கேட்டேன். இப்ப வாசல்ல டயர் தடம் மட்டும்தான் கெடக்கு. ஜீப்பு இல்ல மச்சான். இனிமே எந்த ஏலத்துக்கும் போறதில்ல. ஆகவே தாங்கள் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லி, பெட்டியைக் கட்டி, பஸ் ஏற்றி அனுப்பி வைக்க வேண்டியது.

தங்கள் கடைப் பால் ஒரு நாளும் திரியாமலிருக்கவும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வரவும், தங்கள் சம்சாரத்துக்கு முட்டி வலி குறையவும் முனியாண்டியை வேண்டிக்கொண்டு, இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கும்,

தங்கள் தங்கை புருஷன்
சுப்பன்

பின்குறிப்பு: மச்சான், மேல எழுதுனது எல்லாத்தையும் விட்டுடுங்க. ரேகை வச்ச மை காயல, வாசல்ல உங்க தங்கச்சி நிக்கிறா! குஞ்சம்மா உங்க கடைக்கே வந்து பஸ்ஸுல பாத்ததையெல்லாம் சொல்லிட்டாளாம். பெட்டிய எறக்கி வச்ச ஒடனே, "எங்க?"ன்னா. "என்ன எங்க?"ன்னேன். "எம்பேரு"ன்னா. வித்துட்டேன்னு சொன்னேன். யாருக்குன்னா. கோழிக்காரனுக்குன்னேன். அவ மூஞ்சியப் பாக்கணுமே! வர்ற வழியில ஒரு ஜீப்பு பானெட்டெல்லாம் கோழிக்கூடைய அடுக்கிக்கிட்டு பஸ்ஸத் தாண்டிப் போச்சாம், இவ முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டாளாம். "எம் பேரப் பாத்து என்னியவே மூக்கப் பொத்த வச்சிட்டியே பாவி"ங்குறா. வாத்தியாருக்கும் சேத்துத் திட்டு விழுது.

அதனால நீங்க செய்ய வேண்டியது: இது கையில கெடச்சதும் கடைய அப்படியே போட்டுட்டு அ சோங் வீட்டுக்கு ஓடுங்க. வண்டியத்தான் குடுத்தேன், பேரக் குடுக்கலன்னு சொல்லுங்க. கேக்கலன்னா சக்கரத்துக்கு முன்னால படுத்துடுங்க. அவன் மேல பெயிண்ட் மட்டும் அடிச்சிடக் கூடாது. தபால நம்பாம கண்டக்டரு கையிலயே குடுத்து அனுப்புறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஜீப்பு வாசல்ல நிக்கலன்னா திரும்ப உங்க வீட்டுக்கே வந்துடுவாளாம். இந்தத் தடவ ஆடி, ஆவணி கணக்கெல்லாம் கெடையாதாம், கடைசி வரைக்கும் அங்கதானாம். இது உங்களுக்கும் எனக்கும் பொதுவான ஆபத்து மச்சான். சீக்கிரம். அவ இன்னும் பெட்டியப் பிரிக்கல, அது மேலதான் ஒக்காந்திருக்கா.