பிக்கரிங் நாய்க்கு வந்த ஆபிரிக்க வருத்தம்

"என்ன படிக்கிறீர்?" என்று கேட்பவர்கள் எவரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. இந்த உண்மை எனக்கு விளங்குவதற்குள் போதுமான சேதம் நடந்துவிட்டது.

நான் அப்போது ரொறன்ரோவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆபிரிக்காவில் தூக்க நோய் பரவும் கிராமங்களில், அந்த நோயைத் தரும் திரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி வீட்டு மிருகங்களின் உடம்பிலும் குடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அங்கிருந்து வரும் பன்றி, மாடு, நாய்களின் இரத்தத்தை நாள் முழுக்க நுண்ணோக்கியில் பார்ப்பேன். ஆபிரிக்காவுக்கு நான் போனதே இல்லை. ஆனால் அந்தப் பன்றிகளை என் சொந்தக்காரரைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, ஆய்வுகூட வாசலிலிருந்தே அம்மா என்னைப் பக்கத்து நகரமான பிக்கரிங்குக்குக் காரில் ஏற்றிப்போனார். நானும் ரஜீவனும் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தோம். இரு வீட்டாரும் சந்திப்பதுதான் பாக்கி.

"அங்கை வாயைக் குறைச்சுக் கதை," என்றார் அம்மா.

அந்த வாரம் ஒழுங்காகத் தூங்காத எனக்கு வாயைத் திறப்பதே பெரும்பாடு.

ரஜீவன் வீட்டில் ரொக்கி என்ற கிழட்டு நாய் வந்து என் மடியில் தலையை வைத்தது. அதன் இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ரஜீவனின் அம்மா ரீக் கோப்பையை நீட்டியபடி, "என்ன படிக்கிறீர் பிள்ளை?" என்று கேட்டார்.

'விஞ்ஞானம்' என்று சொல்லியிருக்கலாம். களைத்த மூளைக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "அந்தக் கிருமி தொத்தின நாய்களுக்குக் கண் இப்பிடித்தான் அன்ரி வெள்ளையாய்ப் போகும்," என்று ரொக்கியைக் காட்டினேன்.

செற்றியில் இருந்த அன்ரி கால்களை மேலே தூக்கிவிட்டார்.

"ஐயோ, உது மனிசருக்கும் தொத்துமோ?"

"ஓம் அன்ரி. ஒரு ஈ கடிச்சால் தொத்தும். பிறகு பகலெல்லாம் நித்திரை, இரவிலை முழிப்பு..."

(அந்த ஈ ஆபிரிக்காவில் மட்டும்தான் உண்டு என்பது அடுத்த வசனம். அது வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.)

அன்ரி மெல்லத் திரும்பி மூலைக் கதிரையைப் பார்த்தார். ரஜீவனின் அப்பா அங்கே வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் அவருக்கு நைற் ஷிஃப்ற்.

"அப்ப இவருக்கும் உந்த வருத்தம்தான்! நாயும் இவரும் ஒண்டாத்தானே படுக்கிறவை!" என்று அலறினார் அன்ரி. பிறகு என்னைப் பார்த்தார். "நீரும் கொட்டாவி விடுறீர். உமக்குமோ?"

அதன் பிறகு நான் சொன்ன எந்த விஞ்ஞானமும் எடுபடவில்லை. பிக்கரிங்கைத் தாண்டாத நாய், கிழட்டுக் கண், இரவு வேலை செய்பவர் பகலில்தான் தூங்குவார்... ரஜீவன்கூடச் சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டார். நாய் உட்பட மூவருக்கும் வைத்தியச் சோதனை முடிந்த பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று சொல்லிவிட்டார் அன்ரி.

ரொக்கி மிருக வைத்தியரிடம் போனது. கண்புரை, வயதானால் வருவது என்றார். அங்கிள் குடும்ப வைத்தியரிடம் போனார். வருத்தம் ஒன்றுமில்லை, நைற் ஷிஃப்ற் களைப்பு என்றார் அவர். ஊர்ப்பட்ட மாடுகளின் இரத்தத்தைப் பார்த்த நான், கல்யாணத்துக்காக என் கையையும் நீட்டினேன். எனக்கு இரும்புச்சத்துக் குறைவு, நல்லாய் நித்திரை கொள்ளுங்கோ என்று வந்தது.

கல்யாணமும் நடந்தது. இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். பனி கொட்டும் நாளெல்லாம் அன்ரி வாசலைத் துப்புரவாக்கச் சொல்ல, அங்கிள் போர்வையை இழுத்து மூடுவார்.

"எனக்கு ஏலாதப்பா. ஆபிரிக்க வருத்தம். மருமகள்தானே கண்டுபிடிச்சவ, அவவைக் கேள்."

பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு நான் வெளியே போகிறேன்.