டேங்கர் அண்ணனும் ப்ளஸ் டூ கடல்கன்னியும்

ஒரு காதல் கதையின் முடிவை ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மாற்றிய ஒரே வாசகர், இந்த உலகத்திலேயே எங்கள் டேங்கர் அண்ணன்தான். அடித்துச் சொல்வேன். அந்தக் கதையை எழுதியவளே நான்தான்.

அப்போது ஒத்தக்கடையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். பகலில் கல்லூரி ஆபீஸ் வேலை. சாயங்காலம் போனில், கதை படிக்கும் ஆப் ஒன்றில் தொடர்கதை. பெயர் 'ப்ளஸ் டூ கடல்கன்னி'. அலைமொழி என்ற கடல்கன்னி கரைக்கு வந்து, யூனிபார்ம் மாட்டிக்கொண்டு பள்ளியில் சேர்ந்துவிடுகிறாள். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கால் வாலாகிவிடும். மழை வந்தால் இவள் ஏன் தலைதெறிக்க ஓடுகிறாள் என்று தெரியாமல், பக்கத்து பெஞ்சு கார்த்தி குடையோடு பின்னாலேயே ஓடுகிறான். இத்தனைக்கும் கடலை நான் ஒழுங்காகப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில்தான்.

ஹாஸ்டல் பெண்களைத் தவிர யாரும் படிக்கவில்லை. அவர்களும் காபி வாங்கிக் கொடுத்தால்தான் படித்தார்கள். வெளியாள் ஒருவருக்காவது பிடித்தால் எழுதுவது, இல்லாவிட்டால் எழுத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிறுதோறும் தண்ணீர் லாரி வரும். டேங்கர் அண்ணனுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை. அய்யனார் மீசை, அதற்கேற்ற தொண்டை. தொட்டி நிறையும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிறு என் ரூம்மேட் பர்வீன் அந்த வார அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தாள். கேட்டு முடித்த அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் புள்ள உப்புத்தண்ணியா, நல்லதண்ணியா?"

எங்கள் பக்கம் குளிக்க உப்புத்தண்ணீர், குடிக்க நல்லதண்ணீர். லாரி வந்தால் முதல் கேள்வியே அதுதான்.

"கடல்கன்னின்னா உப்புதானண்ணே."

"அப்ப கார்த்தி வீட்டு நல்லதண்ணித் தொட்டியில விழுந்துச்சுன்னு எழுதியிருக்கீகளே, ஒத்துக்குமா? சளி புடிச்சுராது?"

அடுத்த அத்தியாயத்தில் அலைமொழிக்குச் சளி பிடித்தது. வகுப்பில் அவள் தும்மத் தும்ம நிஜ முத்துகளாகக் கொட்டின. முகம் தெரியாத யார் யாரோ ஆப்பில் சிரித்துக் கருத்து எழுதியது அன்றைக்குத்தான் முதல்முறை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

அண்ணனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. ஒருநாள் குடிநீர்த் தொட்டியில் உப்புத்தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டார். ஹாஸ்டல் பால் மொத்தமும் திரிந்துபோனது. வார்டன் அக்கா ஆடித் தீர்த்தார்.

"அந்தப் புள்ள நெனப்புலயே வந்துட்டேன்க்கா" என்றார் அண்ணன்.

"இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு, சின்னப்புள்ளைக கதை ஒமக்கு எதுக்குய்யா?"

"நான் போற தெருவெல்லாம் கொடத்தத் தூக்கிக்கிட்டுச் சண்டக்கா. இந்தக் கதையில அம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒருத்தரும் அடிச்சுக்கல. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறேன்."

அடுத்த வாரத்திலிருந்து வார்டன் அக்காவும் படியில் வந்து உட்கார்ந்தார்.

கதை முடியும் கட்டம் வந்தது. காதலர்களைப் பிரித்தால்தான் பெரிய எழுத்தாளர் ஆக முடியும் என்று எனக்கு யோசனை. அலைமொழி கடலுக்குத் திரும்புகிறாள், கார்த்தி கரையில் அழுகிறான். பர்வீன் இதை அண்ணனிடம் உளறிவிட்டாள். அடுத்த ஞாயிறு, பாதிக் குளியலில் மேலே தொட்டி காலி. குளியலறைகளில் எல்லோர் தலையிலும் ஷாம்பு. அண்ணன் ஒரு கையில் ரப்பர் குழாயும், இன்னொரு கை லாரி வால்விலுமாக நின்றார்.

"சேருதா, பிரியுதா? சொல்லுங்க, தெறக்குறேன்."

"அண்ணே, பெரிய இலக்கியமெல்லாம் பிரிவுலதாண்ணே முடியும்."

"அப்ப பெரிய இலக்கியத்துலயே குளிச்சுக்கங்க."

மாடியிலிருந்து நுரையும் தலையுமாகப் பர்வீன் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "சேத்து வச்சுத் தொலடி, கண்ணு எரியுது!"

"அவ தண்ணிய விட்டுட்டு இங்க எப்பிடிண்ணே இருப்பா?" என்றேன் பரிதாபமாக.

அண்ணன் தன் லாரியைத் தட்டிக் காட்டினார். "இது எதுக்கு நிக்குது?"

அப்படித்தான் கடைசி அத்தியாயம் வந்தது. கார்த்தி டேங்கர் லாரியோடு கடற்கரைக்குப் போகிறான். உப்புத்தண்ணீர் நிறைத்து அலைமொழியை அழைத்து வருகிறான். ஒத்தக்கடையில் மேல்மூடியைத் திறந்து, ஊரை ஒட்டிப் படுத்துக் கிடக்கும் யானைமலையைப் பார்த்தவள், "அடேயப்பா, எம்புட்டுப் பெரிய திமிங்கலம்!" என்கிறாள். ஊர் ஊராக அந்த வரிக்குச் சிரித்தார்கள். ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகவே போட்டது.

முதல் பிரதி அண்ணனுக்கு. நனையாமல் பாலிதீன் உறையில் சுற்றி, லாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன், விடாமல் எழுதுகிறேன். சில சமயம் யாரையாவது பிரித்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். உடனே வால்வின் மேல் ஒரு கை தெரியும். சேர்த்து வைத்துவிடுகிறேன், அண்ணே.