மாதாவுக்கு வைத்த மஞ்சள்

1997 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: காலை 5.40க்கு எழுந்தேன். 6.52 ரயில். அலுவலகத்தில் இரண்டு மீட்டிங், அதில் ஒன்று தேவையற்றது. சரஸ்வதி பூஜைக்காகச் சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பி 4.30க்கு வீடு. எதிலும் ஒழுங்கு தவறாத நாள். ஒழுங்கு தவறாமலேயே ஒரு மனிதன் எவ்வளவு பெரிய நாசத்தைச் செய்யலாம் என்பதை அடுத்த பதினெட்டு மணி நேரத்தில் காட்டினேன்.

அப்போது நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம்: நான், மனைவி வசந்தி, ஒன்பது வயது மகள் நிலா. பக்கத்து வீட்டில் ஆர்தர். எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். பழைய ஓவியத் தாள்களை வாங்கி விற்பது தொழில். கடையெல்லாம் கிடையாது. எட்டுப் பக்கத்துக்குக் கேட்டலாக் ஒன்றைத் தானே டைப் அடித்து, தெரிந்த சேகரிப்பாளர்களுக்குத் தபாலில் அனுப்புவார்.

அவரிடம் இருந்தவற்றில் மிக அபூர்வமானவை மூன்று தாள்கள். ஐநூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் ஏதோ ஒரு பட்டறையில் பழுப்பு மையால் வரைந்தவை. குழந்தையோடு மாதா, மண்டியிட்ட ஒரு துறவி, ஒரு சிறகு மட்டும் வரைந்து முடித்த தேவதூதர். மூன்றையும் வரைந்தது ஒரே கை என்று கண்டுபிடித்தவர் ஆர்தரின் மனைவி. அவற்றைப் பிரிக்காமல் ஒருவரிடமே கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் மாதாவை மட்டும் கேட்டார்கள். ஆர்தர் மறுத்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக பிலடெல்ஃபியாவிலிருந்து மார்த்தா என்கிற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் மூன்றையும் வாங்க முன்வந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஆர்தர் வீட்டில் ஹீட்டர் மாற்றினார்கள். வீடெங்கும் தூசி. மூன்று தாள்களையும் ஒரு தோல் உறையில் வைத்து எடுத்துவந்து, ஒரு ராத்திரிக்கு மட்டும் வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இந்தத் தெருவிலேயே கவனமான ஆள் நான்தானாம். (குப்பைத் தொட்டி மூடியில்கூடப் பெயர்ச்சீட்டு ஒட்டியவன் வேறு யார்?) அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது.

வசந்தி அதை அப்படியே க்ளாஸெட்டில் வைத்துப் பூட்டச் சொன்னாள். நான் கேட்கவில்லை. சரஸ்வதி பூஜை அன்று வீட்டிலுள்ள ஏடும் தாளும் பூஜையில் இருக்க வேண்டும். ஐநூறு வருடத் தாளை, அதுவும் சாமி படம் போட்ட தாளை, கோட்டு ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் வைப்பதா? ஆகவே பூஜைக்கு. ஆனால் பூஜையில் தோல் ஆகாது. ஆகவே உறையிலிருந்து தாள்களை வெளியே எடுத்தேன் (கையைக் கழுவி, துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து). நிலாவின் கணக்குப் புத்தகத்தின் மேல் வெள்ளைத் துணி, அதன் மேல் மூன்று தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே மாதா.

எந்த அடுக்காக இருந்தாலும் மேலே இருப்பதற்கு மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். வைத்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும், மோதிர விரலால், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில். அந்தச் சமயம் பார்த்து நிலா சுண்டல் கிண்ணத்தைக் கவிழ்த்ததால் மாதா குங்குமத்திலிருந்து தப்பினார். எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை என்பதையும் உள்ளபடி எழுதிவிடுகிறேன். ஒரு வேலையைக் குறைவில்லாமல் முடித்த திருப்திதான் இருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு மறுபூஜை முடித்துத் தாளைக் கையில் எடுத்தபோதுதான் அது நம் வீட்டுப் பத்திரிகை அல்ல என்பது மூளைக்கு எட்டியது. காய்ந்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தாளே பழுப்பு, அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு கறை. அவற்றோடு இதுவும் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போனது.

பின்னால் வந்து நின்று பார்த்த வசந்தி, "ஏனுங்க, அவருகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

"தெரியாததை எதுக்குச் சொல்றது?"

"தெரியலைன்னா நீங்க ஏன் இப்படி வேர்க்கறீங்க?"

உறையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றால், ஆர்தர் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். தனியாக இருக்க அவருக்குப் படபடப்பு. சட்டை இஸ்திரி போட்டு, டை கட்டியிருந்தார்.

மார்த்தா சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். தாளைச் சாய்த்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான் காபியையே பார்த்தேன். அதன்பின் திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புற ஊதா விளக்கை எடுத்தார்.

மஞ்சள் அந்த விளக்கில் ஒளிரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இருட்டறையில் தாள் மங்கலான ஊதாவாகக் கிடக்க, நான்கு மூலைகளிலும் நான்கு பொட்டுகள் சீரியல் பல்பு போட்டதுபோல எரிந்தன. மாதாவுக்கு அப்படி ஓர் அலங்காரத்தை எந்தத் திருவிழாவிலும் செய்திருக்க மாட்டார்கள். தூரம்கூட அளவெடுத்ததுபோல இருந்தது.

 மார்த்தா விளக்கை அணைத்தார். இப்படி ஒளிர்வது புதுப் பசை, மூலைகளை யாரோ சமீபத்தில் ஒட்டிச் சரிசெய்து, அதை மறைத்திருக்கிறார்கள் என்றார். செவ்வாய்க்கிழமை தான் பார்த்தபோது இது இல்லை என்றார் ஆர்தர். அப்படியானால் அதன்பின் அவர் கையில் இருந்தபோதுதானே நடந்திருக்க வேண்டும்? அப்படிச் சொன்னது அவருக்கே எதிராகப் போனது. மற்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதாக மார்த்தா மெதுவாகச் சொன்னார். ஆர்தர் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தாள்கள் பிரியப்போகின்றன என்பது மட்டுமல்ல, வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவரைப் பொய்க்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன். (ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த ஆங்கிலத்தைத் தமிழில் தருவதே எல்லோருக்கும் நல்லது.)

மார்த்தா நம்பவில்லை. நண்பரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார். எந்த விரல் என்று கேட்டார். வலது கை மோதிர விரலை நீட்டினேன். விளக்கைப் போட்டார். என் விரல் நுனியும் நகக்கண்ணும் அதே நிறத்தில் ஒளிர்ந்தன.

அடுத்த இருபது நிமிடம் நான் சரஸ்வதி, தோல், கணக்குப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். தோல் ஆகாது என்பதற்காக வெளியே எடுத்தேன் என்ற இடத்தில் ஆர்தருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மார்த்தா சிரிக்கவில்லை. தாளை மறுபடி ஜன்னல் பக்கம் சாய்த்தபடி சொன்னார்: "இதுல இருக்கற மெழுகு, தண்ணி, பூஞ்சை, எல்லாம் யாரால எப்போ வந்ததுன்னு நான் ஊகம்தான் பண்ணணும். ஐநூறு வருஷத்துல ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்க."

மூன்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டு நிபந்தனைகள். என்ன செய்தேன், எப்போது செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது ஓவியத்தின் வரலாற்றோடு இருக்கும். இரண்டாவது, தாளைச் சுத்தம் செய்பவருக்குச் சோதித்துப் பார்க்க அதே மஞ்சள் வேண்டும். அன்றிரவு பக்கத்து ஊரில் தங்குவதால், ஞாயிறு காலை பிலடெல்ஃபியா திரும்பும் வழியில் வந்து வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு ஓடி நாட்குறிப்பை எடுத்துவந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மாலை 6.20, மஞ்சள் தூள், குழாய்த் தண்ணீர் மூன்று சொட்டு.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எந்தக் காகிதத்தையாவது என்னிடம் நீட்டினால், நிலா குறுக்கே கையை வைத்து, "அப்பா, நோ கார்னர்ஸ்" என்பாள். அவள் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கும் வேலையை மட்டும் எனக்கே விட்டுக்கொடுத்தாள். அனுபவம் உள்ளவராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 6.10க்கு எழுந்தேன். பல் துலக்கும் முன் முதல் வேலையாகச் சமையலறைக்குப் போய், வீட்டில் மிச்சமிருந்த மஞ்சள் தூள் முழுவதையும் ஒரு காலி ஃபிலிம் டப்பாவில் தட்டி, மூடி, சீட்டு ஒட்டினேன். வாங்கிய கடை, வாங்கிய மாதம், பயன்படுத்திய தேதி. சாம்பாருக்கு ஒரு சிட்டிகை மிச்சம் வைக்கச் சொல்லி வந்த வசந்தி, டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "உங்க பேரைக் காணமுங்களே" என்றாள். பேனாவை மறுபடி திறந்து எழுதினேன்.