இரும்புப் பல்லின் எழுச்சி

கிரீன் கார்டு கைக்கு வந்ததும் மனிதனுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் நீச்சல் குளம் வைத்த வீடு வாங்குவார்கள். சிலர் மாமனார் மாமியாரை ஊரிலிருந்து வரவழைத்து ஆறு மாதம் அவஸ்தைப்படுவார்கள். நான் தோல் ஜாக்கெட் வாங்கினேன். டெக்சாஸில், ஜூலை மாதத்தில். (நிஜமாகவே வேண்டுமா என்று கடைக்காரப் பெண் இரண்டு முறை கேட்டாள்.)

விசாவில் இருந்த காலம் முழுக்க, "இந்த ஆபீசுக்கு அடிமையாக இல்லாவிட்டால் நான் இந்நேரம் மேடையில் இருந்திருப்பேன்" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்டு வந்து அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒரு ராக் இசைக்குழு தொடங்க வேண்டியதாயிற்று.

மூன்று பேர். டிரம்ஸ் ஈரோட்டுச் செந்தில். அவனுக்குத் தெரிந்தது ஒரே வேகம், பின்னால் நாய் துரத்துகிற வேகம். கீபோர்டு நாகர்கோவில் ஸ்டீபன். சின்ன வயதிலிருந்து சர்ச்சில் வாசித்தவன். எங்களில் உண்மையிலேயே வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் அவன் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தோம். கிட்டார், பாட்டு, தலைமை, தலைக்கனம் எல்லாம் நான். குழுவுக்கு 'இரும்புப் பல்' என்று பெயர் வைத்து, கோரைப்பல் படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட் மூட்டை மூட்டையாக அடித்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் பல் ஆஸ்பத்திரி விளம்பரம் என்றே நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜரிடம் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று புளுகிவிட்டு, என் மனைவி கவிதாவின் மினிவேனில் கிளம்புவோம். வேக்கோ, லபக், அமரில்லோ என்று ஃப்ரீவே ஓரத்துப் பப் ஒன்று பாக்கியில்லை. வேனில் என் மகளின் குழந்தை இருக்கையைக் கழற்ற மூன்று இன்ஜினியர்களுக்கும் தெரியவில்லை. எனவே செந்தில் மடியில் டிரம்மை வைத்துக்கொண்டு அந்த இருக்கைக்குப் பக்கத்தில் நசுங்கியபடி டெக்சாஸ் முழுவதையும் பார்த்தான். கூட்டம் என்று பார்த்தால், பாரில் ஊற்றிக் கொடுப்பவரும் தூங்குகிற ஒருவரும் இருப்பார்கள். ஓர் ஊரில் முதலாளியின் நாய் மூன்றாவது பாட்டில் எழுந்து வெளியே போனது. முதல் கோடையில் இரண்டு பாட்டு முடிந்ததும் போதும் என்றார்கள். மூன்றாவது கோடையில் கடைசி வரை பாட விட்டார்கள். இதற்கு எங்கள் அகராதியில் எழுச்சி என்று பெயர்.

ஊரெல்லாம் சுற்றிய பிறகு நாங்கள் குடியிருந்த இர்விங்கிலேயே ஒரு பப் கண் திறந்தது. முதலாளி டேல், தாடி வைத்த மலை. "உங்க ஆளுங்க இங்கே நிறைய இருக்காங்களே, கூட்டிட்டு வா. இந்தச் சனிக்கிழமை இடம் நிறைஞ்சுதுன்னா கோடை முழுக்கச் சனிக்கிழமை மேடை உனக்குத்தான்" என்றார்.

கவிதாவிடம் ஓடினேன்.

"இதுதாங்க கடைசி," என்றாள். "கிடைச்சா நான் வாயே திறக்க மாட்டேன். கிடைக்கலேன்னா கேரேஜ்ல இருக்கிற ஆம்ப்ளிஃபயர், டிரம்ஸ் எல்லாத்தையும் காலி பண்ணிடணும். மூணு வருஷமா என் வண்டி வெயில்ல வேகுது."

சரி என்றேன். வெளியே சிரித்தாலும் உள்ளே பயம். முப்பத்தெட்டு வயதுவரை அப்பா சொன்ன படிப்பு, கம்பெனி சொன்ன வேலை என்று இருந்தவன் நான். இது ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டது. அந்த மேடை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போட்டேன். இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ராஜி ஆன்ட்டியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. (இர்விங்கில் அவர் இல்லாமல் ஒரு பிள்ளைக்குக்கூடக் காது குத்த முடியாது.)

"டின்னர் உண்டா?"

அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"நாங்க வெஜ்."

மறுபடியும் மயான அமைதி. என் கோடை முழுவதும் கண்முன்னே கரைந்தது. அவசரமாக அடித்தேன்: "பாட்லக் வெச்சுக்கலாம் ஆன்ட்டி, ஆளுக்கொரு அயிட்டம் கொண்டாங்க."

அடுத்த நிமிடம் குழு பொங்கியது. லெமன் ரைஸ் நாங்க, தயிர் சாதம் நாங்க, பேப்பர் ப்ளேட் யாரு? நான் புளகாங்கிதம் அடைந்தேன். சாராயக் கடைக்குக் கட்டுச்சோறு எடுத்துப்போகலாமா என்ற கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் கொண்டாடிப் பழகிய கூட்டம் நாம். எந்தக் கூரைக்குக் கீழே நுழைந்தாலும் நம் முதல் கேள்வி ப்ளக் பாயின்ட் எங்கே என்பதுதான்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு இடம் நிறைந்தது. பட்டுப்புடவை, ஸ்ட்ரோலர், அலுமினிய ட்ரே. டேல் வாயெல்லாம் பல்லாக நின்றார். அந்தச் சிரிப்பு, ராஜி ஆன்ட்டி பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்க்கும்வரை நீடித்தது.

"நல்ல நீளமா இருக்கே. மேலே ஷீட்டை விரிங்கோ!"

நான் ஜாக்கெட்டுக்குள் வெந்துகொண்டே மேடையிலிருந்து பார்த்தேன். மேசைமேல் லெமன் ரைஸ், தயிர் சாதம், சாம்பார் அண்டா. கடைசியாகக் கவிதா ஒரு பெரிய ட்ரே மெதுவடையோடு வந்தாள். பாரில் ஒருவர்கூடப் பீர் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார்கள், ஐஸ் இல்லாமல். ஓர் அங்கிள், வாழ்நாள் முழுக்க விஸ்கி மட்டுமே ஊற்றிய பார்க்காரரிடம், "கொஞ்சம் வெந்நி கிடைக்குமா?" என்றார். தினமும் வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் நாலைந்து பேர் மூலையில் ஒடுங்கி நின்றார்கள்.

"தொடங்குலே மக்கா," என்றான் ஸ்டீபன். "இல்லேன்னா பந்தி முடிஞ்சி எல்லாரும் போயிருவாவ."

தொடங்கினோம். முதல் பாட்டுக்கு எல்லோரும் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். இரண்டாவதுக்குத் தங்கள் காதையும் பொத்தினார்கள். அந்த அங்கிள் மேடை ஓரம் வந்து, "தம்பி, மெலடி ஏதாவது தெரியுமா?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர்களுக்கு ராக் ஒரு கேடா என்று மனதுக்குள் திட்டியபடி, என் ஆஸ்தான கிட்டார் தனியாவர்த்தனத்துக்குப் பாய்ந்தேன். கண்ணை மூடி, முழங்காலிட்டு, முதுகு வளைத்து.

அதே நேரத்தில் ராஜி ஆன்ட்டிக்குச் சாம்பார் ஆறிப்போனதாகத் தோன்றியிருக்கிறது. கையோடு கொண்டுவந்திருந்த மின்சார அடுப்பை, மேடை ஓரத்தில், எங்கள் ஆம்ப்ளிஃபயர் சொருகியிருந்த ப்ளக்கிலேயே சொருகினார்.

டப்.

பப் முழுக்க இருட்டு. செந்தில் மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தான். (அவனுக்குக் கரன்ட் தேவையில்லை, காதும் தேவையில்லை.) பிறகு கூட்டத்திலிருந்து "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சும், அதைத் தொடர்ந்து கைதட்டலும் கிளம்பின. மூன்று கோடைகளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பலத்த கைதட்டல் அதுதான். இருட்டில் யாரோ மேசையில் இடித்தார்கள். அண்டா சரிந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், பச்சைத் துணி போர்த்திய மேசையின் ஆறு குழிகளிலும் முருங்கைக்காய் சாம்பார்.

டேல் மேசையருகே வந்தார். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைக் காட்டினார். ஜாக்கெட்டோடு பார்க்கிங்கில் போய் உட்கார்ந்தேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

செந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "விடுங்ணா. கடைசியா நான் வாசிச்சது நல்லா இருந்துச்சுங்களா?"

மேசைக்குப் புதுத் துணி மாட்டிக் கொடுத்தோம். ஆம்ப்ளிஃபயர் விற்பனைக்குப் போனது. கேரேஜுக்குள் கவிதாவின் வண்டி ராணி மாதிரி நின்றது.

அடுத்த வாரம் டேல் கூப்பிட்டார். "சனிக்கிழமை ஃப்ரீயா?"

நான் துள்ளி எழுந்தேன். "ஃப்ரீதான்! டிரம்மர்கிட்ட இப்பவே சொல்றேன்."

"நீ இல்லப்பா. நடுவிலே ஓட்டை போட்ட, காரமான அந்த டோனட் கொண்டுவந்தாங்களே, அவங்க. இருட்டிலே என் பைக் ஆளுங்க ஒரு ட்ரேயைக் காலி பண்ணிட்டாங்க. தினமும் அதைக் கேட்டு உயிரை எடுக்கறாங்க."

போனைக் கவிதாவிடம் நீட்டினேன். அவள் பேசி முடித்துவிட்டு, "கோடை முழுக்கச் சனிக்கிழமையாம்," என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை இன்றுவரை மறக்கவில்லை.

அந்தக் கோடை முடிந்து ஆறு வருடம் ஆகிறது. சனிக்கிழமை இன்னும் அவளுடையதுதான். டேலின் சமையலறையில் அவளுக்கென்று ஓர் அடுப்பு இருக்கிறது. வாசல் பலகையில் அவள் பெயர் ஒளிர்கிறது. மிச்சமிருந்த எங்கள் டீ-ஷர்ட்டுகள் எண்ணெய்ச் சட்டி துடைக்கப் போய்விட்டன. மாவரைத்து, மினிவேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது என் வேலை. அப்படிப் பார்த்தால் டூர் நிற்கவே இல்லை.

மகள் நிலா இப்போது மிடில் ஸ்கூலில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வகை. பெரிய கச்சேரிக்கு முன்னால் ஒப்புக்குப் பாடுவதை 'ஓபன்' பண்ணுவது என்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். உன் அப்பா பேண்டில் இருந்தாராமே என்று யாராவது விருந்தாளி கேட்டுவிட்டால் போதும், அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: "யா, ஹி ஒன்ஸ் ஓபன்ட் ஃபார் அம்மாஸ் வடை."

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் எழுந்து போய் அடுத்த ஈடு வடையைக் கொண்டுவருவேன்.