ஸ்டோர்கீப்பர் போட்ட மொழிச் சட்டம்

இனி இந்த வீட்டில் தமிழ் கிடையாது என்று ஸ்டோர்கீப்பர் அறிவித்தபோது, அவர் மனைவி ஈரத் துணியால் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மேசைதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பிழைக்க வந்த நாட்டில் பள்ளிப் பாடமெல்லாம் அந்த நாட்டு மொழியில். ஊர் திரும்பினால் அதை வைத்து நாக்கா வழிப்பது என்று கேட்டு, மகளையும் மகனையும் வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டார். பாடம் நடத்துவது அவள். பெருமை அடித்துக்கொள்வது அவர்.

"பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வரணும்னா, வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்."

இது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறு கணக்கு ஓடியது. தமிழில் அவளிடம் வாய் கொடுத்து மனிதர் மீண்டதே இல்லை. அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள், அவள் அவருடைய அக்கா, சித்தப்பா, சின்ன வயசுப் புத்தி எல்லாவற்றையும் இழுத்துவந்து கூடத்தில் நிறுத்திவிடுவாள். ஆங்கிலம் என்றால் வார்த்தை தேடுவாள். தேடிக்கொண்டே இருக்கட்டும், நாம் நிம்மதியாக டிவி பார்க்கலாம்.

"சட்டம் உங்களுக்கும்தானேங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கென்ன? ஆபீஸ்ல நான் பேசறதே இங்கிலீஷ்தான்."

பேசுகிறார் என்று சொல்ல முடியாது. எழுதுகிறார். கிடங்குக்கு அட்டைப்பெட்டி வந்தது, வரவில்லை, நசுங்கி வந்தது. இதற்கான மின்னஞ்சல் ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதைத் தாண்டினால் நாக்கு தந்தி அடிக்கும்.

ஆரம்பத்தில் அமோகமாகப் போனது. வீடு அமைதியோ அமைதி. பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆங்கிலத்தில் பேசலாம், அங்கலாய்க்கத் தமிழ் வேண்டும். சாப்பாட்டில் உப்பில்லை என்பதை அவர் வழக்கமாகத் தன் விதியிலிருந்து தொடங்குவார். இப்போது "நோ சால்ட்" என்பதோடு முடிந்துபோயிற்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நோட்டட்" என்றாள். 'குறித்துக்கொண்டேன்' என்பதற்கு அவருடைய மின்னஞ்சலிலிருந்து பொறுக்கிய சொல். மேலாளர் எவ்வளவு கத்தினாலும் அவர் போடும் பதில் அதுதான். எதிராளிக்கு அது எப்படி எரியும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் முதுகு வலி என்றாலும் நோட்டட். மேலாளர் திட்டினார் என்றாலும் நோட்டட்.

பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியெல்லாம் ரத்தமாக வந்து, "ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ, டாடி" என்று அழுதுகொண்டே நின்றான். தூக்கிக் கொஞ்ச அவரிடம் ஆங்கிலம் இல்லை. "என் ராசா" என்பதற்கு எந்த மின்னஞ்சலிலும் வார்த்தை கிடையாது. "கோ டு மம்மி" என்றார். போனான்.

ஒரு நாள் கிடங்கில் கரண்ட் போய், மதியமே வீடு திரும்பினார். படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே அருமையான தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தொண்டையைச் செருமி, "நோ சால்ட்" என்று அவரைப் போலவே சொல்லிக்காட்டினாள். "இன்னொரு தடவை, அக்கா" என்று மகன் கெஞ்சினான். அவர் சாவியைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. மூன்று பேரும் மேசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

"குட் ஆஃப்டர்நூன், டாடி."

மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். வந்த ஆத்திரத்தில் சட்டமாவது ஒன்றாவது, தமிழிலேயே கேட்டார். "நான் இல்லாதப்போ தமிழா?"

"பாடம்னா லீவு வேணாங்களா?" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நீங்க கதவைத் திறந்தா பள்ளிக்கூடம். கதவைச் சாத்திட்டுப் போனா லீவு. பிள்ளைங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க. என் வாயை அடைக்கத்தானே சட்டம் போட்டீங்க? நான் பேச ரெண்டு பேர் இருக்காங்க. நீங்கதான் ஆளில்லாம நிக்கிறீங்க."

மறுநாள் கிடங்கில் அவருக்கு வேலை ஓடவில்லை. பெட்டிகளை மாற்றி மாற்றி அடுக்கினார். பெற்ற பிள்ளைகள் தன்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறார்களே என்று உள்ளுக்குள் வெந்தார். இங்கிலீஷும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு கிடைத்தால் போதும்.

அடுத்த விடுமுறை நாளில், காலையிலேயே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சட்டம் ரத்து என்றார். "இனிமே அப்பாகிட்டயும் தமிழ்லயே பேசுங்கடா. என்ன வேணும்னாலும் கேளுங்க."

மகன் அம்மாவைப் பார்த்தான். அவள் துணி மடித்தபடியே தலையை ஆட்டினாள். அவன் அப்பாவின் முழங்கையைத் தொட்டு, மாதக்கணக்காக அவர் கேட்டிராத தமிழில், ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அப்பா, நீங்க எப்பப்பா வேலைக்குப் போவீங்க?"